ஏணியில் ஏறாத மெக்கானிக்

அந்த ஏசி மெக்கானிக்குக்கு உயரம் என்றால் பயமில்லை, குளவி என்றால்தான் பயம். மாடிச் சுவர்களில் மாட்டியிருக்கும் ஏசிப் பெட்டிகளுக்குள் அவை குடும்பம் குடும்பமாகக் குடியிருக்கும். ஒரு தடவை புறங்கையில் கொட்டி, முழங்கை வரை பலூன் மாதிரி வீங்கிவிட்டது. அன்றிலிருந்து "எனக்கு அலர்ஜி" என்று சொல்லியே ராஜபோகமாகக் காலம் தள்ளினார். ஏணியில் ஏறுவதெல்லாம் மச்சான்தான். மனைவியின் தம்பி, தொழிலில் கூட்டாளி. மெக்கானிக் நிழலில் நின்றபடி, "அந்த ஸ்குரு இல்லடா, பக்கத்துல!" என்று அதிகாரம் பண்ணுவார்.

வீட்டிலும் அதே பாட்டு. மொட்டைமாடியில் துணி காயப்போடச் சொன்னால், "அங்க குளவி இருக்கு. நான் போயிட்டா நீ என்ன பண்ணுவ?" என்பார்.

"நிம்மதியா இருப்பேன்" என்ற மனைவி, அலர்ஜி டாக்டரிடம் நேரம் வாங்கினாள். பாதி வழியில் நழுவிவிடாமல் இருக்கத் தம்பியையும் கூடவே அனுப்பினாள்.

டாக்டரம்மா விசாரித்தார். "கொட்டினதும் என்ன ஆச்சு?"

"எமன் வாசல் வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"மூச்சு முட்டுச்சா?"

"முட்டல."

"கொட்டாத இடத்துல தடிப்பு? உதடு, நாக்கு வீக்கம்?"

"இல்ல."

"மயக்கம்?"

"கையப் பாத்ததும் லேசா வந்துச்சு" என்றார் மெக்கானிக்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கொட்டின இடத்தச் சுத்தி மட்டும் வீங்கியிருக்கு. பாக்கத்தான் பயங்கரமா இருக்கும். அடுத்த தடவ உயிருக்கு ஆபத்தாகுற வாய்ப்பு ரொம்பக் கம்மி."

"ஒரு டெஸ்டாவது எடுங்க டாக்டர். ஏதாச்சும் வரும்" என்று கெஞ்சினார்.

"ஒண்ணும் ஆகாதவங்களுக்குக்கூட டெஸ்ட்ல அலர்ஜின்னு வரும். வந்தா நீங்க வீட்ட விட்டே வெளிய வர மாட்டீங்க."

மச்சானுக்கு ஒரே குஷி. "என்னப் பாருங்க டாக்டர், எத்தன தடவ கொட்டுனாலும் வீங்காது. போன மாசம் கொட்டுனப்பகூட உடம்பு பூரா அரிச்சுது, குரல் கம்மிடுச்சு, கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. கொஞ்ச நேரம் உக்காந்தேன், சரியாயிடுச்சு. அன்னிக்குக் காலைல சாப்பிடல, அதான்."

டாக்டரம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"நீங்க எழுந்திருங்க" என்றார் மெக்கானிக்கிடம். "அவர் இங்க உக்காரட்டும்."

ஊசி நுனியால் தோலைக் குத்திப் பார்த்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். எல்லாம் மச்சானுக்குத்தான். சில நாளில் முடிவு வந்ததும் டாக்டரம்மா சொல்லிவிட்டார்: சந்தேகமே இல்லை, குளவி விஷம் அவருக்கு ஆகவே ஆகாது. இன்னொரு கொட்டு உயிருக்கே உலை வைக்கலாம். குளவி விஷத்தையே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உடம்பைப் பழக்கும் சிகிச்சை உண்டு, ஆனால் அதற்கு வருடக்கணக்காகும். அவசர ஊசி எப்போதும் கையில் இருக்க வேண்டும். இப்போதைக்கு ஏணிப் பக்கமே போகக் கூடாது.

அவசர ஊசியைத் தொடையில் போடும் விதத்தை, முனையில்லாத, அழுத்தினால் 'டக்'கென்று சத்தம் மட்டும் போடும் பயிற்சி ஊசியை வைத்து மெக்கானிக்குக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தன் தொடையிலேயே அழுத்திப் பார்த்து அலறினார்.

"முனையே இல்ல மாமா!" என்றார் மச்சான்.

"சத்தம் வந்துச்சுல்ல!"

மறுநாள் கனத்த சட்டை, கையுறை, ஹெல்மெட் சகிதம் மெக்கானிக் ஏணியில் ஏறினார். பாதியில் நின்று, காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்துக் கத்தினார்.

"ஊசி எங்கடா?"

மச்சான் பையைத் துழாவிவிட்டு, கண்ணாடியை விரலளவு இறக்கினார். "வீட்டுல வச்சிட்டேன் போலிருக்கு மாமா."

மெக்கானிக் விறுவிறுவென்று இறங்கிவந்து காரைக் கிளப்பினார். வீடு வரைக்கும் வாய் ஓயாமல் திட்டினார். "பாசம்னு நினைச்சுக்காத. உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, உங்கக்கா கையால எனக்குச் சாவு."