பாட்ட நிலத்தில் நட்ட கொன்னை

பாறசாலைக்குக் கிழக்கே எலிசாளுக்குச் சொந்தமாக இருந்தது வீடு நின்ற துண்டு மண் மட்டும்தான். வாழை வைத்ததெல்லாம் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த நிலத்தில். கணவர் ஞானசிகாமணி பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த பிறகு, அந்த வீட்டில் அடுப்பெரிந்தது ஓணச் சந்தைக்குப் போன ஏத்தன் வாழைக்குலைகளால்.

நிலம் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் குடியிருந்த சாம்பசிவன் சாருடையது. எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். எங்கள் பக்கத்தில் பாட்டமெல்லாம் அப்படித்தான். வாழை, மரச்சீனிக் கிழங்கு, பயறு என்று அறுத்து முடிகிற எதையும் போடலாம். மரம் மட்டும் நடக்கூடாது.

எலிசாளுக்கும் இது தெரியும். ஆனால் குலை தள்ளிய வாழையை வருஷா வருஷம் கோடைக்காற்று முறித்துப் போட்டால் யாருக்குத்தான் புத்தி நிதானத்தில் இருக்கும்? வேளாண்மை ஆபீஸான கிருஷிபவனில் நடந்த கூட்டத்தில் ஒரு வழி சொன்னார்கள். காற்று வரும் பக்கம் சீமைக்கொன்னை நட்டால் வாழை தப்பும், அதன் தழையை வாழை மூட்டில் போட்டால் வறட்சியிலும் ஈரம் நிற்கும். பாட்டக்காரி நட்டால் என்ன ஆகும் என்று அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அதில்தான்.

அவள் வரம்பு நெடுக கொன்னைக் கம்பு ஊன்றினாள். இரண்டாயிரத்து மூன்றில் கிணறுகள் வற்றியபோதும் அவள் வாழை பச்சையாக நின்றது. அதைப் பார்த்துப் பக்கத்து நிலத்துக்காரன் சிவதாணு, மழை விழுந்ததும் அவளிடமே கம்பு வாங்கித் தன் வரம்பில் நட்டான். மறுவருஷக் காற்றில் ஊர் வாழையெல்லாம் சாய்ந்தது, அவளுடையது சாயவில்லை. குலைகள் நல்ல விலைக்குப் போயின. கணவருக்கு ஒரு கட்டில் வாங்கினாள்.

ஓணம் கழிந்து பாட்டம் புதுக்க வந்த சாம்பசிவன் சார், வரிசையாக நின்ற மரங்களைப் பார்த்து வெளுத்துப் போனார்.

"எலிசா, யாரைக் கேட்டுண்டு இதெல்லாம் நட்டே?"

"காத்துக்குத் தடுப்பாக்கும் சாரே. இதுனாலதான் குலை தப்பிச்சு."

"எங்கப்பா காலத்துல இப்படித்தான் பாட்டக்காரன் ஒருத்தன் மாமரம் வெச்சான். கடைசியில நிலமே அவனோடதாயிடுத்து. எனக்கு மிச்சம் இது ஒண்ணுதான்."

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவரிடம் நியாயம் பேசி என்ன பயன்?

"உங்க மண்ணு எனக்கு எதுக்கு சாரே? பிடுங்கிருதேன். பாட்டத்த மட்டும் வேற ஆளுக்குக் குடுக்காண்டாம்."

எல்லாவற்றையும் அவளே வேரோடு பிடுங்கினாள். நிலம் கைவிட்டுப் போகவில்லையே என்று தேற்றிக்கொண்டாள்.

அடுத்த சித்திரையில் ஒரு சாயங்காலம் காற்று வந்தது. கொஞ்ச நேரம்தான் அடித்தது. எலிசாளின் வாழை முழுவதும் நடுவில் முறிந்து கிடந்தது. வரம்புக்கு அப்புறம், அவள் கொடுத்த கொன்னைக்குப் பின்னால், சிவதாணுவின் வாழை நின்றுகொண்டிருந்தது.

பாட்டத்தை அவளே விட்டுவிட்டாள். திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனாள். படுக்கையில் கிடந்தவரிடம் முறிந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. தினமும் வாழை விளைக்குப் போவதாகவே சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

ஓணத்துக்குச் சிவதாணு தன் முதல் குலையைத் தோளில் சுமந்து வந்தான். "உங்க கம்பு காத்த குலையாக்கும், அக்கா" என்று வாசலில் இறக்கினான்.

உள்ளேயிருந்து ஞானசிகாமணி தலையைத் தூக்கிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எலிசா, நம்ம விளையில உள்ளதா?"

சிவதாணு தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமா," என்றாள் எலிசாள். "இந்த வருஷம் ஒண்ணுகூட முறியல்ல."