ஐந்தாவது ஆணி

ரோஸ்வித்தா மோட்ஷ்மனைப் பற்றி எழுத சோன்பெர்க்கில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இருக்கட்டும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். செத்தவர்கள் வீட்டைக் காலி செய்து கொடுக்கும் தொழிலை ஒரு கைவண்டியோடு ஆரம்பித்து, பக்கவாட்டில் ‘ஹார்ட்முட் ஃபோர்க்கெல்’ என்று என் பெயரை எழுதிய மூன்று வேன்கள் வாங்கினேன். யாரும் எனக்கு ஒரு திருகாணிகூடச் சும்மா கொடுத்ததில்லை. இந்த ஊரில் எந்தப் பரணில் என்ன கிடக்கிறது என்று பாதிரியாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தப் பரண்களிலிருந்து இறங்கிய பின்னல் பொம்மைகளில் பாதி ரோஸ்வித்தா வீட்டுக்குத்தான் போனது.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜனவரி மாதத்தில், மேட்டுத் தெருவின் உறைபனியில், அந்த நீளப் பேருந்தை ஒரு கையால் பின்னோக்கி இறக்கிக்கொண்டே மறு கையால் ரொட்டி தின்பாள். அவளுக்குப் பயம் என்று ஒன்று கிடையாது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நானேதான்.

பின்னல் பொம்மை என்றால் ஒரு சாண்கூட இருக்காது. லிண்டன் மரத்தில் கடைந்த சின்னப் பெண் உருவம், நெஞ்சுக்குள் மேலிருந்து கீழ்வரை ஒரு துளை, உச்சந்தலையில் கிரீடம் மாதிரி வளைந்த ஆணிகள். கம்பளி நூலை ஆணிகளில் சுற்றி, ஊசியால் ஒவ்வொரு கண்ணியாகத் தூக்கிப் போட்டால், பாவாடைக்கு அடியிலிருந்து பின்னிய கயிறு வால் மாதிரி வளர்ந்து வரும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அதோடுதான் வளர்ந்தார்கள். எல்லோரும் அதை லீசல் என்றுதான் கூப்பிடுவோம்.

ரோஸ்வித்தாவுக்கு லீசலைவிட லீசல் வந்த பெட்டிதான் உயிர். சந்தையில் ஒருமுறை அவளைச் சீண்டினேன்.

“என்ன ரோசி, பொண்ணை விட்டுட்டு அவ பாவாடையைக் கட்டிக்கிட்டு அழுற?”

“பொம்மையைப் பிள்ளைங்க பத்திரமா வெச்சிருக்கும். அட்டைப் பெட்டியை அன்னைக்கே கிழிச்சு அடுப்புல போட்டுடும். அதனால பெட்டிதான் அதிசயம். உனக்கு எங்க புரியப்போவுது? நீ பாட்டி செத்த வீட்டுல பீரோவை எடை போட்டு விக்கிறவன்.”

அவளிடம் சில பெட்டிகள் காகிதப் பட்டை கிழியாமல் இருந்தன. பொம்மைப் பட்டறையில் ஒட்டிய பட்டை, ஒட்டியது ஒட்டியபடி. அவற்றை அவள் ஒருநாளும் திறந்ததில்லை. பெட்டி சேர்ப்பவர்களுக்கு அது ஒரு நோன்பு. பட்டை கிழிந்தால் போயிற்று. உள்ளே இருப்பதை மூடியில் அச்சடித்த படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் போதும்.

நாட்டைக் கிழக்கு மேற்காகப் பிரித்த சுவர் இடிந்து ஏழெட்டு வருஷம் கழித்து, நவம்பரில் ஒரு சனிக்கிழமை. மேல்மாடியில் குடியிருந்த சில்கே பல்பொருள் அங்காடியில் கல்லாவில் உட்காருபவள். அவள் வேலைக்குப் போகும் சனிக்கிழமைகளில், அவளுடைய இரண்டு வயது மகள் யூலே ரோஸ்வித்தாவிடம்தான் இருப்பாள். ரோசி அத்தை என்றால் அவளுக்கு அத்தனை ஒட்டுதல். அன்று மத்தியானம் செத்துப்போன ஒரு வாத்தியாரம்மா வீட்டுப் பரணிலிருந்து எடுத்த பெட்டி ஒன்றைக் கொண்டுபோனேன். ரோஸ்வித்தா முன்னறையில் பெட்டி அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவள், அப்படியே எழுந்து சமையலறைக்கு ஓடி வந்தாள். பிளம் கேக், காப்பி, மேஜை நடுவில் பெட்டி. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தோம்.

முன்னறையில் யூலே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றது. ரோஸ்வித்தா தலையைத் தூக்கினாள். அப்புறம் இருமல்.

நாங்கள் ஓடினோம். அலமாரிக் கதவு திறந்திருந்தது, சாவி கதவிலேயே தொங்கியது. தரையில் பட்டை கிழிந்த பெட்டி. யூலே கையில் லீசல். குழந்தையின் வாய், முகவாய், சட்டை எல்லாம் சிவப்பு.

“ரத்தம்!” என்றாள் ரோஸ்வித்தா.

நான் பொம்மையைப் பிடுங்கிப் பார்த்தேன். சிவப்புப் பாவாடை ஈரமாகி, சாயம் கரைந்து என் விரலிலும் ஒட்டியது. “சாயம்டி, சாயம். பயப்படாத,” என்றேன். அவள் என் சொல்லைக் காதில் வாங்கவில்லை. பெட்டி மூடியை எடுத்துப் பார்த்தாள், பொம்மையின் தலையைப் பார்த்தாள், திரும்ப மூடியைப் பார்த்தாள். மூடிப் படத்தில் லீசல் தலையில் ஐந்து ஆணி. கீழே எழுத்திலும் ஐந்து என்றே போட்டிருந்தது. பொம்மையின் தலையில் நான்கு. ஓரிடத்தில் முடியின் பழுப்புச் சாயம் பெயர்ந்து ஒரு கரும்புள்ளி.

“நாலுதான் இருக்கு ஹார்ட்முட். ஒண்ணு... ஒண்ணு எங்க?”

என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். பித்தளை என்று ஏமாற்றி முலாம் பூசிய இரும்பை என் தலையில் கட்ட நினைப்பவர்கள் அதிகம். என்னிடம் நடக்குமா? அந்தக் காந்தத்தைக் கம்பளத்தின் மேல் அங்குலம் அங்குலமாக இழுத்தேன். ஒரு கொண்டை ஊசி வந்தது. ஆணி வரவில்லை. அதோடு குழந்தையின் இருமலும் நின்றது. சும்மா உட்கார்ந்து எங்களையே பார்த்தாள். அது இருமலைவிட மோசமாக இருந்தது. அந்தச் சின்னத் தொண்டைக்குள் அந்த வளைந்த ஆணி எங்கே குத்தி நிற்கிறதோ என்று நினைத்தபோது, உண்மையைச் சொல்கிறேன், மூன்று வேன் வைத்திருக்கும் எனக்கே வேன் சாவி எந்தப் பையில் என்று மறந்துபோனது.

ரோஸ்வித்தா சமையலறைக்குப் போய், புளித்த முட்டைக்கோஸ் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் ஊரில் பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் முதலில் இதுதான். நார் நாராக ஆணியைச் சுற்றிக்கொண்டு பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிடும் என்பார்கள்.

“வாயத் தொற கண்ணு. அத்தைக்காக ஒரு வாய். இன்னொரு வாய்.”

யூலே புளிப்பில் முகம் சுளித்து அழுதாள். அழுதுகொண்டே நிறையத் தின்றாள். பிறகு குழந்தையை வேனில் ஏற்றினேன், பொம்மையையும் கையோடு எடுத்துக்கொண்டேன். அன்று நான் ஓட்டியது மாதிரி இந்த மலைப்பாதையில் எவனும் ஓட்டியிருக்க மாட்டான். பக்கத்தில் ரோஸ்வித்தா குழந்தையை மடியில் வைத்து, அதன் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். பனித் தெருவில் ஒரு கையால் பேருந்து ஓட்டியவள், அந்த விரலை ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

“மூச்சு வருதாடி?”

“வருது. பேசாத. ஓட்டு.”

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள்.

“சாப்பிட ஏதாவது குடுத்தீங்களா?”

“புளிச்ச கோஸ்.”

“எவ்வளவு?”

ரோஸ்வித்தா கையால் ஜாடியின் பாதியைக் காட்டினாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “தொண்டையில இருந்தா மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்கணும். வயிறு நிறைஞ்சிருக்கும்போது மயக்கம் குடுத்தா, சாப்பாடு மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும். முதல்ல எக்ஸ்ரே பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுக் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.

நான் ஃபோன் செய்து சொன்னதில், சில்கே கடை ஏப்ரனோடு ஓடி வந்தாள். ரோஸ்வித்தா எழுந்து நின்று எதையும் மறைக்காமல் சொன்னாள். சாவி, பட்டை, ஆணி, கோஸ்.

“சாவி எப்பவும் என் பையிலதான்னு நீங்கதான சொன்னீங்க ரோசி?”

“ஆமா. இன்னைக்குக் கதவுலயே விட்டுட்டேன்.”

சில்கே பெஞ்சின் மறுகோடியில் போய் உட்கார்ந்தாள். நடுவில் நான் இருந்தேன். இரண்டு பக்கமும் யாரும் அழவில்லை.

டாக்டரம்மா படத்தோடு வந்தாள். “ஒண்ணும் தெரியலை. கழுத்து, நெஞ்சு, வயிறு எல்லாம் சுத்தமா இருக்கு. ஆணி இரும்புதான?”

“இரும்புதான்,” என்றேன் நான். இதில் என்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? காந்தத்தை எடுத்துப் பொம்மையின் தலையில் வைத்துக் காட்டினேன். ஒட்டவில்லை. அடுத்த ஆணியில் வைத்தேன். அதிலும் ஒட்டவில்லை.

ரோஸ்வித்தாவின் முகம் வெளுத்துப்போனது. “அலுமினியம். இரும்பு கிடைக்காத வருஷங்கள்ல அலுமினியத்துல அடிச்சாங்க.”

நான் கம்பளத்தில் இழுத்த காந்தத்துக்கு அர்த்தமே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அலுமினியம் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது என்று டாக்டரம்மா சொன்னாள். அப்படியென்றால் சுத்தமான படத்துக்கும் அர்த்தமில்லை. ஆணி உள்ளே எங்கேயும் இருக்கலாம். உள்ளே யூலே மறுபடி இரும ஆரம்பித்தாள். சில்கே எழுந்து ஓடினாள்.

“அந்தப் பொம்மையைக் குடுங்க,” என்றாள் டாக்டரம்மா. “இந்த ஆணி படத்துல எப்படித் தெரியுதுன்னு பார்த்துடறேன்.”

பொம்மைக்கு எக்ஸ்ரே எடுத்ததை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன். வெளிச்சப் பலகையில் படத்தை மாட்டினாள். லீசல் சாம்பல் நிறத்தில் தெரிந்தாள், நெஞ்சில் நீளத் துளை, தலையில் நான்கு மெல்லிய வெள்ளைக் கோடுகள். மங்கல்தான், ஆனால் தெரிந்தது. பக்கத்தில் குழந்தையின் படம். அப்படி ஒரு கோடு அதில் எங்கும் இல்லை. டாக்டரம்மா பொம்மைப் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவின் முனையால் தலையைத் தொட்டாள்.

“நாலு ஆணியும் நாலு மூலையில சமமா நிக்குது பாருங்க. அஞ்சாவதுக்கு இங்க துளையே இல்லை. மரம் முழுசா இருக்கு. அந்தக் கரும்புள்ளி வெறும் கணு.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பட்டறையில் ஐந்தாணி மூடி நிறைய அச்சடித்து மிச்சமாகியிருக்கும். நான்காணிப் பொம்மையை உள்ளே போட்டுப் பட்டையை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். திறந்து பார்த்திருந்தால் வாங்கிய அன்றே தெரிந்திருக்கும். ரோஸ்வித்தா திறக்கவே இல்லை.

“சாயம்தான் தொண்டையை அரிச்சிருக்கு. இன்னைக்கு ராத்திரி இங்கேயே இருக்கட்டும்,” என்றாள் டாக்டரம்மா.

ரோஸ்வித்தா வெளியே வந்து வேனின் படியில் உட்கார்ந்து, காலுக்கு நடுவில் வாந்தி எடுத்தாள்.

அடுத்த வாரம் நான் போனபோது ரொட்டிக் கத்தியால் பட்டைகளை அறுத்துக்கொண்டிருந்தாள். கிழியாத பெட்டிகள் அத்தனையும்.

“பைத்தியமாடி உனக்கு? இதுக்கு மேல இதையெல்லாம் எவன் மதிப்பான்?”

“எண்ணணும் ஹார்ட்முட். உள்ள என்ன இருக்குன்னு தெரியாம இந்தப் பெட்டிங்களோட என்னால தூங்க முடியல.”

கத்தியைப் பிடுங்கப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன். ஒரு பெட்டியில் பொம்மையே இல்லை, ஒரு நூல் உருண்டை மட்டும். அவள் அதையும் எண்ணுவது மாதிரியே பார்த்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். கதவு தட்டப்பட்டது. சில்கே, இடுப்பில் யூலே.

ரோஸ்வித்தா இரண்டடி பின்னால் போனாள். “வேணாம் சில்கே. என்கிட்ட விடாத. என்னால முடியாது.”

“எனக்கு மட்டும் பயமில்லையா?” என்றாள் சில்கே. குரல் உடைந்தது. “பஸ்ஸுக்கு நேரமாச்சு. வேற யாருகிட்ட விடுவேன்? பிடிங்க.”

யூலே அதற்குள் இறங்கி உள்ளே ஓடிவிட்டாள். ரோஸ்வித்தா அலமாரியைப் பூட்டினாள், சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டினாள், கதவை இழுத்துப் பார்த்தாள். பிறகு அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையிலேயே உட்கார்ந்தாள். நான் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். மாலை சில்கே திரும்பி வரும்வரை அவள் எழவும் இல்லை, காப்பியைத் தொடவும் இல்லை, குழந்தையின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.