முதலில் ஏறக் காசு கட்டினோம், கடைசியாக ஏறினோம்

பாலாவிச் சந்தியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டோம். உப்பளங்களின் மேல் வெளிச்சம் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. சிமெந்து ஏற்றிய லொறிகள் சந்தியில் வரிசையாக நின்றன. அவற்றுக்கிடையே எங்கள் வேன் மெல்ல நுழைந்து சிலாபம் வீதியைப் பிடித்தது.

வேனில் நாங்கள் நான்கு பேர். நான் பாலாவியில் படிப்பிக்கிறேன். என் கணவர் நிஸாம் அங்கேயே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். மகள் ஹனாவுக்கு ஒன்பது வயது, மகன் ஆகிபுக்கு நாலு. எங்களில் யாரும் அதற்கு முன்னர் விமானத்தில் ஏறியதில்லை. வேன் தலவில என்ற ஊரைச் சேர்ந்த அந்தோனி அண்ணனுடையது. எங்கள் வீட்டுப் பயணம் எதுவென்றாலும் அவர்தான் ஓட்டுவார்.

சென்னைக்குப் போவது ஹனாவின் காலுக்காக. பிறக்கும்போதே அவளுடைய இடது பாதம் உள்பக்கமாக வளைந்திருந்தது. கொழும்பில் ஒருமுறை சத்திரசிகிச்சை செய்தோம். பாதம் பெரும்பாலும் நேரானது. ஆனாலும் முழங்கால்வரை இரும்புச் சட்டம் போட்டுத்தான் நடக்கிறாள். இன்னொரு சத்திரசிகிச்சை தேவையா என்று சென்னை வைத்தியர் ஒருவரிடம் கேட்டு வருவதே நோக்கம்.

டிக்கெட் எடுத்தபோதே வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்திருந்தது. குறைந்த கட்டண விமானம் என்பதால் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் காசு. மற்றவர்களுக்கு முன்னால் விமானத்தில் ஏறவும் காசு, ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபா. இருக்கை எண்கள்தான் கையில் இருக்கின்றனவே, முன்னால் ஏறினாலும் பின்னால் ஏறினாலும் அதே கதிரைதானே என்று நான் சொன்னேன். நிஸாம் கேட்கவில்லை. சிமெந்து மூடையில் ஐந்து ரூபா குறைத்துக் கேட்டால் அரை மணித்தியாலம் கதைக்கிற மனிதர், இதற்கு மட்டும் மறுபேச்சில்லாமல் நாலு பேருக்கும் கட்டினார்.

"பின்னால ஆக்கள் நிண்டா புள்ள பதறிடுவா. சனம் வாறதுக்கு முந்தி ஏத்திடணும்," என்றார்.

முந்தல் தாண்டும்போது வலப்புறம் களப்பு நீர் வெள்ளித் தகடாகக் கிடந்தது. இறால் பண்ணைகளின் நீர்ச்சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தோனி அண்ணன் கண்ணாடியில் ஹனாவைப் பார்த்தார்.

"பிளேனுக்கு ஏணிப்படி உயரம், மகள். வேனுக்குத் தூக்கிவிடுற மாதிரி அங்க தூக்கிவிட நான் இல்லையே. என்ன செய்யப் போறீங்க?"

"தூக்கவேணாம். எனக்கு ஏலும்," என்றாள் ஹனா.

அவள் அதை உறுதியாகத்தான் சொன்னாள். டிக்கெட் எடுத்த நாளிலிருந்து பாடசாலை மேல்மாடிப் படிகளில் தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். நல்ல கால் முதலில், பிறகு சட்டம் போட்ட கால், பிறகு ஒரு மூச்சு. அதுதான் அவளுடைய முறை. யாராவது பின்னால் வந்தால் மட்டும் நின்றுவிடுவாள். சுவரோடு ஒதுங்கி அவர்களை விட்டுவிட்டுத்தான் அடுத்த படி.

சிலாபத்தில் தேநீரும் மீன் அடைத்த மாலுபாணும். வேன் குலுங்கியதில் வாந்தியெடுத்த ஆகிபுக்குச் சட்டை மாற்றினோம். மாரவில, வென்னப்புவ என்று தென்னந்தோப்புகளும் தேவாலயங்களும் மாறி மாறி வந்தன. நீர்கொழும்பைத் தாண்டியதும் விமானமொன்று எங்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து போனது. அது மறையும்வரை ஆகிப் வாயை மூடவில்லை.

விமான நிலையத்தில் பைகளை நிறை பார்த்த பெண் ஹனாவின் காலைப் பார்த்தார். "சக்கர நாற்காலி தரலாம், காசில்லை. நீங்கள் எல்லோரும் அதோடேயே முதலில் போகலாம்," என்றார்.

நாங்கள் காசு கட்டி வாங்கியது இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. நிஸாம் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஹனா வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"நான் நடந்து போறன் உம்மா."

"மகள், தூரம் கூட."

"நடப்பன்."

நடந்தாள். இடையில் இரண்டு இடங்களில் உட்கார்ந்தாள்.

வாயிலில் அறிவித்தல் வந்ததும் எழுந்தோம். காசு கட்டியவர்களின் வரிசையில் எங்களோடு இன்னும் சிலர்தான். மற்றச் சனம் கயிற்றுக்கு அப்பால் நின்று எங்களைப் பார்த்தது. நிஸாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததை நான் மறக்க மாட்டேன். கதவைத் தாண்டினோம். விமானம் இல்லை. ஒரு பஸ் நின்றது.

விமானம் தொலைவில் வெயிலில் நிற்கிறதாம், இந்த பஸ்ஸில்தான் போகவேண்டுமாம். முதலில் ஏறியவர்களாகிய நாங்கள் உள்ளே கடைசி மூலைக்குப் போய் நின்றோம். பஸ் புறப்படவில்லை. மற்றச் சனம் முழுவதும் ஏறும்வரை காத்திருந்தது. பைகளும் முழங்கைகளும் நெருக்கிக்கொண்டு வந்தன. ஹனா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நிஸாம் இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி அவளைச் சுற்றி வேலி போல நின்றார். அவர் முதுகில் யாரோ ஒருவரின் பயணப்பை இடித்துக்கொண்டே இருந்தது. ஆகிப் என் கால்களுக்கிடையில் தரையில் குந்திவிட்டான்.

விமானத்தருகில் கதவு திறந்ததும், கடைசியாக ஏறியவர்கள் முதலில் இறங்கினார்கள். மூலையில் நின்ற நாங்கள் கடைசியாக இறங்கினோம். நாங்கள் தரையில் கால் வைத்தபோது எல்லோரும் ஏணிப்படியில் இருந்தார்கள். நிஸாமின் முகம் சிவந்துவிட்டது. கட்டிய காசுக்கு நியாயம் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கத் திரும்பியும்விட்டார்.

அப்போது ஹனா அவருடைய கையை இழுத்தாள். "வாப்பா, பின்னால ஒருத்தரும் இல்ல."

அவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெறும் தார்த் தரை. பஸ்ஸும் போய்விட்டது.

படியின் அடியில் மஞ்சள் மேலங்கி போட்ட ஊழியர் ஒருவர் நின்றார். ஹனாவைப் பார்த்துத் தூக்குவதற்குக் கைகளை நீட்டினார். நிஸாம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஊழியர் கைகளை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். "ஹெமின், துவ, ஹெமின்," என்றார். மெதுவாக, மகள், மெதுவாக.

ஹனா "பிஸ்மில்லாஹ்" சொல்லி நல்ல காலை வைத்தாள். பிறகு சட்டம் போட்ட கால். இரும்பு இரும்பில் படும் சத்தம் கேட்டது. ஒரு மூச்சு. அடுத்த படி. நிஸாம் ஒரு படி கீழே, தொடாமல், ஆனால் கைகளை விரித்தபடி ஏறினார். பாதி வழியில் அவள் நின்றாள். காற்று அவளுடைய முக்காட்டைப் பிடித்து இழுத்தது. நான் கீழே ஆகிபின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். மேலே வாசலில் நின்ற பணிப்பெண் இறங்கி வரப் பார்த்தாள். நிஸாம் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். ஹனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி தொடங்கினாள்.

மேலே போனதும் உள்ளே போகாமல் திரும்பி நின்றாள். ஓடுபாதை, அப்பால் தென்னைகள், கீழே தம்பியைப் பிடித்துக்கொண்டு நான். எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள்.

"உம்மா, முடிஞ்சிது," என்றாள்.

கீழே நின்ற ஊழியர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு எங்கோ பார்த்தார். அவருடைய கண்களும் கலங்கியிருந்தன என்று நான் எழுதினால் அது என் ஊகம்தான். என் கண்களைப் பற்றி ஊகம் தேவையில்லை.

உள்ளே தலைக்கு மேலிருந்த பெட்டிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. எங்கள் பையைப் பணிப்பெண் எங்கோ பின்னால் கொண்டுபோய் வைத்தாள். கடைசியாக ஏறுவதில் நட்டம் அது ஒன்றுதான். நாங்கள் இருந்தவுடனேயே கதவை மூடினார்கள். இருக்கைப் பட்டியைக் கழற்றுவதற்கு ஆகிபுக்கு அவகாசமே கிடைக்கவில்லை. முன்வரிசையில் நேரத்தோடு ஏறியிருந்த குழந்தையொன்று அதற்குள் அழுது களைத்திருந்தது.

விமானம் மேலெழுந்த பிறகு நிஸாம் மெதுவாகச் சொன்னார். "ஆறாயிரம் ரூபாக்கு பஸ்ஸில ஒரு மூலை."

"அந்த மூலையாலதானே அவ ஏறினா," என்றேன். அவர் சிரித்தார். பயணம் முழுக்க அதன்பிறகு அவர் காசைப் பற்றிக் கதைக்கவில்லை.

சென்னையைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெரியாது. நாங்கள் பார்த்தது ஆஸ்பத்திரியும் அதன் எதிரிலிருந்த விடுதியும்தான். வைத்தியர் ஹனாவை நடக்கச் சொல்லிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், மறுபடியும் நடக்கச் சொன்னார். இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை என்றார். பாரம் குறைந்த புதிய சட்டமொன்று கணுக்கால்வரை போதும் என்றார். "படி நிறைய ஏறுவியாம்மா?" என்று அவர் கேட்டதற்கு ஹனா, "பிளேனுக்கும் ஏறினன்," என்றாள். நிஸாம் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது கதவு வழியாகக் கேட்டது.

திரும்பும் பயணத்துக்கு, முன்னால் ஏறுவதற்கான காசை நாங்கள் கட்டவில்லை. வாயிலில் எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றபோது நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஆகிப் வெறுமையான கதிரைகளுக்கிடையில் ஓடிக் களைத்தான். தனியாக இரண்டு கைக்குழந்தைகளோடு வந்த ஒரு தாய் மட்டும் காசு கட்டி முதலில் போனார். ஆறுதலாகப் பைகளை வைத்து, பிள்ளைகளைக் கிடத்தி, மூச்சு விட அவருக்கு நேரம் கிடைத்திருக்கும். அவருக்கு அது பெறுமதிதான். உதவிக்குக் கை கூடுதலாக உள்ள குடும்பம், இருக்கை எண் உள்ள குடும்பம், ஓடுகிற பிள்ளை உள்ள குடும்பம் அந்தக் காசைப் பையிலேயே வைத்திருக்கலாம். ஏறுவதற்கு முன் பஸ் உண்டா என்று கேட்டு அறிந்துகொள்வதும் நல்லது. கால் ஏலாத பிள்ளை இருந்தால் முதலில் விடச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் காசில்லாமலே விடுவார்கள். ஆனால் அதற்கும் முன்னர் பிள்ளையிடம் கேளுங்கள். நாங்கள் அதைத்தான் கேட்கவில்லை.

ஊருக்கு வந்த அடுத்த சனிக்கிழமை கற்பிட்டிப் பக்கம் எத்தாளையில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்குப் போகப் புறப்பட்டோம். வேனுக்குச் சொல்லவா என்று நிஸாம் கேட்டார். பஸ்ஸில் போவோம் என்றாள் ஹனா.

பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ் எப்போதும் பாதி நின்றும் பாதி ஓடியும்தான் ஆள் ஏற்றும். அதில் முன்னால் ஏற யாரும் காசு வாங்குவதில்லை. அன்று மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்த நடத்துநர் ஹனாவைக் கண்டதும் குதித்து இறங்கினார்.

"தூக்கவா டீச்சர்?"

"வேணாம் நானா, நான் ஏறுவன்," என்று அந்த அண்ணனிடம் அவள் எனக்கு முந்திச் சொன்னாள்.

அவர் பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். ஜன்னலால் எட்டிப் பார்த்த ஒருவர், "என்ன நிப்பாட்டிட்டீங்க?" என்று கேட்டார்.

"புள்ள ஏறுது," என்றார் நடத்துநர். கேட்டவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நல்ல கால், புதிய சட்டம் போட்ட கால், ஒரு மூச்சு. அவள் ஏறி, வாசலருகே இருந்த கிழவர் ஒருவர் விட்டுக்கொடுத்த இடத்தில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்தாள். நிஸாமும் ஏறிவிட்டார். நான் மட்டும் ஆகிபின் கையைப் பிடித்துக்கொண்டு தார் வீதியில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

"உம்மா, ஏறுங்க. உங்களுக்காகத்தான் பஸ் நிக்கிது," என்றாள்.