குளியல் தொட்டியும் என் முழங்காலும்

ஆஸ்பத்திரி நடைபாதையில்தான் என் முழங்காலுக்கு மதிப்பெண் போட்டார்கள். எங்கள் பிளாக் திருப்பத்தில் ஸ்கூட்டர் சறுக்கி, டிபியல் பிளேட்டோ (முழங்காலைத் தாங்கும் எலும்பின் மேல்தளம்) உடைந்து, தகடு வைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஆராய்ச்சிக்காக வாழ்க்கைத்தரக் கேள்விகள் கேட்க வேண்டும் என்றார்கள். நல்ல காரியம்தானே என்று சம்மதித்தேன்.

கேள்வி கேட்ட பெண் என்னைவிடச் சின்னவள்.

"குளியல் தொட்டியில எறங்கி ஏற கஷ்டமா இருக்காக்கா?"

"எங்க குவார்ட்டர்ஸ்ல பக்கெட்தாம்மா."

"சாக்ஸ் போட?"

"சாக்ஸே போட்டதில்லம்மா."

"ரெண்டையும் விட்டுடுங்க. கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

வீட்டு வேலை செய்ய முடிகிறதா? முடிகிறது. கணவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும்போது வேறு யார் செய்வது? வலியைப் பற்றிக் கேட்டபோது, டாக்டர்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்களே என்று "பரவாயில்லம்மா" என்றேன். அவள் 'லேசாக' என்பதில் டிக் அடித்தாள். வீட்டில் சின்ன மகள் இருக்கிறாள்; குழந்தையைத் தூக்க முடிகிறதா என்ற கேள்வியே இல்லை. நாமாகச் சொன்னால் தப்பாகுமோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த முறை டாக்டர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "ஸ்கோர் நல்லா இருக்கும்மா. பிசியோதெரபிய நிறுத்திக்கலாம்."

"விட்ட கேள்விக்கு என்ன மார்க் சார்?"

"மத்த பதிலோட சராசரியப் போட்டுக்கும். அதான் முறை."

இல்லாத தொட்டியில் நான் சுகமாக இறங்கி ஏறியிருக்கிறேன். தொட்டிக்கு மார்க் உண்டு, என் மகளைத் தூக்குவதற்கு இல்லை. நூறு பேரைச் சேர்த்துப் பார்க்க அந்தக் கணக்கு உதவலாம். என் ஒருத்தியின் சிகிச்சையை அதை வைத்தா முடிவு செய்வது?

கூட வந்திருந்த கணவரின் இடுப்பிலிருந்த மகளைத் தரையில் விடச் சொன்னேன். "தூக்கறேன், பாருங்க சார்." பாதி குனிவதற்குள் முழங்கால் மடங்க மறுத்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். மகள் கைகளை உயர்த்தியபடியே நின்றாள்.

"ஏம்மா இத முன்னாடியே சொல்லல?"

"இதக் கேக்கவே இல்லையே சார்."

"கம்ப்யூட்டருக்கு எங்க பாத்ரூமையும் ஒருதடவ காட்டணும் சார்" என்றார் கணவர். டாக்டர் பிசியோதெரபிக்கு மறுபடி சீட்டு எழுதினார்.

பிசியோதெரபி தொடர்கிறது. ஸ்கோரைத் திருத்தினார்களா, தெரியாது. உங்களிடமும் இப்படிக் கேட்டால் 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்காததையும் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் மகள் கூப்பிட்டதும் எழுந்துவிடுவேன். இப்போது முதலில் நாற்காலிக் கை, பிறகு நல்ல கால், அதன்பின் இந்தக் கால். அதற்குள், நான் குனியாமல் தூக்கட்டும் என்று, அவளே ஸ்டூலில் ஏறி நின்று கைகளை நீட்டுகிறாள். இரண்டு வயதில் அவள் இதைக் கற்றிருக்க வேண்டாம்.