விஜயதசமி காலையில் எழாத சர்வர்

எங்கேயாவது ஒன்று கெட்டுப்போய்விட்டது என்று கேட்டதும், அது என்னால்தான் கெட்டிருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றுகிறது? குழந்தை பால் குடிக்காவிட்டாலும் அப்படித்தான், மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டாலும் அப்படித்தான்.

ராசிபுரத்தில் வீட்டில் இருந்தபடியே ஒரு கோழித் தீவன ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆலை நாமகிரிப்பேட்டை போகும் வழியில் இருக்கிறது. எந்தப் பண்ணைக்கு மக்காச்சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவு என்ற கலவைக் குறிப்புகள் எல்லாம் அங்குள்ள ஒரே சர்வரில்தான். விஜயதசமி அன்று காலை ஆலை மேலாளர் போன் செய்தார்.

"மேடம், சர்வரு எந்திரிக்கவே மாட்டீங்குதுங்க. கலவை போட முடியலீங்க. மூணு லாரி நிக்குது."

"லைட் எரியுதுங்களா?"

"லைட்டெல்லாம் ஜம்முனு எரியுதுங்க. வேலைதான் செய்யல."

ஆயுத பூஜைக்கு முந்தின மாலை, பத்து மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சர்வருக்கு ஒரு அப்டேட் போட்டிருந்தேன். நடுவில் குழந்தை கீபோர்டைத் தட்டியது. எந்தக் கீ என்று பார்த்தேனா? பார்த்ததாகத்தான் நினைவு. குறிப்புகளுக்கு நகல் எடுத்திருந்தேன். ஆனால் அதைத் திறந்து சரிபார்க்கவில்லை. எல்லாம் அழிந்திருந்தால், குழந்தை பிறந்த பிறகு என்னை நம்பி வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வீட்டில் வேறு யாரும் இல்லை. குழந்தையையும் லேப்டாப் பையையும் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

சர்வர் அறையில் மானிட்டரோ கீபோர்டோ கிடையாது. முன்பெல்லாம் ஆலை அலுவலகத்திலிருந்து தூக்கி வருவோம். இப்போது பையில் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். அதன் ஒரு பக்கத்து வயர்களைச் சர்வரிலும் மறுபக்கத்தை லேப்டாப்பிலும் செருகினால், சர்வரின் திரை என் லேப்டாப்பில் தெரியும். நான் தட்டுவது சர்வரில் விழும்.

மேலாளர் குழந்தையை வாங்கிக்கொண்டார். "வாங்க சாமி, அம்மா மெசினப் பாக்கட்டும்."

சர்வரின் முகப்பில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. செருகும் இடத்தில் ஒட்டியிருந்ததை மட்டும் துடைத்துவிட்டு வயரை மாட்டினேன். லேப்டாப்பில் முதலில் கறுப்பு. பிறகு ஒரே ஒரு வரி: மேல்மூடி திறக்கப்பட்டிருக்கிறது, தொடர எஃப்-ஒன் அழுத்தவும்.

மூன்று முறை படித்தேன்.

"ஏனுங்க, இதோட மூடியத் தொறந்தீங்களா?"

"தொறக்காம எப்படீங்க? லாரிக்கே பானட்டத் தொறந்துதான பொட்டு வெக்கறோம். கரண்டப் புடுங்கிட்டுத்தானுங்க தொறந்தோம். உள்ள ஒரு மொறம் தூசி இருந்துச்சு."

எஃப்-ஒன்னை அழுத்தினேன். லேப்டாப்பின் ஒலிதான் அடங்கியது. என் லேப்டாப்பில் அதனுடன் இன்னொரு கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. சேர்த்து அழுத்தினேன். எழுத்துகள் வரிசை வரிசையாக ஓடின. கலவைக் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான்தான் கெடுத்துட்டேன்னு பயந்துட்டேங்க. இந்த ஒரு கீய அழுத்தச் சொல்லித்தான் காலைல இருந்து நின்னிருக்குது."

"அட! கூப்புட்டாத்தான் உள்ள வருவேன்னு புது மாப்பிள்ளையாட்ட நின்னுருக்குதுங்க!"

அவர் சிரிக்க, குழந்தையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது. வெளியே கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியது. நான் மறக்காமல் நகலையும் திறந்து பார்த்தேன். அதுவும் சரியாகவே இருந்தது.

ஆனால் அடுத்த வருடமும் பூஜை வரும். மூடி திறந்தால் வரும் அந்த எச்சரிக்கையை நிறுத்திவைக்கலாம். அப்படிச் செய்தால் வேறு யாராவது மூடியைத் திறந்தாலும் எனக்குத் தெரியாமல் போகும். திறக்காதீர்கள் என்று சொன்னால், அவர் பக்தியோடு செய்ததைக் குறை சொன்னதாகிவிடும். உங்கள் அலுவலகத்தில் சர்வருக்கு எங்கே பொட்டு வைக்கிறீர்கள்? மூடியைத் திறக்க வேண்டாம் என்பதை மனம் நோகாமல் எப்படிச் சொன்னீர்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.