சார் கேட்காத கேள்வி

கடலூரில் தினமும் ஏழே காலுக்குச் சிதம்பரம் வண்டி ஏறும் பிரிசில்லாவுக்கு, ஞானசேகரன் சாரை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். சிதம்பரத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் இருவரும் மனநல ஆலோசகர்கள். அவள் உளவியலில் முதுகலை முடித்து, ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் மூன்று வருடம் டாக்டர்களிடம் வேலை பழகியவள். சார் இருபது வருடம் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். தொழில் படுத்துவிட்டதும் புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் மூன்று நாள் பயிற்சிக்கு உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டோடு சான்றிதழும் வாங்கி வந்தார். தாளாளரின் மச்சான் என்பது மிச்சத் தகுதி. ஏசி அறை அவருக்கு. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து ஸ்டூல் இவளுக்கு.

வேலை மாறியதே தவிர பழக்கம் மாறவில்லை. வந்த பிள்ளையை வாய் திறக்க விடமாட்டார். முக்கால் மணி நேரம் அவரே பேசுவார்; மொபட்டில் ஸ்ரீமுஷ்ணம் வரை அலைந்து முன்னேறிய கதை கட்டாயம் உண்டு. கடைசியில் 'என் மனக்குழப்பம் தீர்ந்தது' என்று அச்சடித்த தாளில் கையெழுத்து. அது விழாமல் யாரையும் எழுந்திருக்க விட்டதில்லை. தப்பித்தால் போதும் என்றுதான் பிள்ளைகள் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது அந்த மண்டையில் ஏறவேயில்லை.

மூன்றாம் ஆண்டு படிக்கும் திட்டக்குடிப் பெண் கயல்விழி சாப்பிடுவதில்லை, வகுப்புக்குப் போவதில்லை என்று விடுதி வார்டன் பவானி அவரிடம் அனுப்பினார். மூன்று வாரம், மூன்று பேச்சு, மூன்று கையெழுத்து. நாலாம் வாரம் திங்கட்கிழமை காலை, பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது, பிரிசில்லா சாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தாள்.

"நமது ஆலோசனையின் வெற்றி! திட்டக்குடி மாணவி ஒருவர் தன் லேப்டாப், வாட்ச், கொலுசு எல்லாவற்றையும் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டு, சிரித்த முகத்துடன் நிம்மதியாக இருக்கிறார்."

பெயர் மட்டும் போடவில்லை, புண்ணியவான். வாடிக் கிடந்தவர் திடீரென்று தெளிந்து சாமான்களைப் பிரித்துக் கொடுத்தால், ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதே என்று ஆஸ்பத்திரியில் முதல் மாதமே பிரிசில்லாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உடனே பவானிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கயல்விழி கூடவே இருங்க. பாத்ரூம் போனாகூட வாசல்ல நில்லுங்க. தோ வந்துர்றேன்."

அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, ஏசி அறையில் பவானிக்குப் பக்கத்தில் கயல்விழி சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா நீ, காலங்காத்தால எல்லாரையும் கலவரப்படுத்துற?" என்றார் சார். "பொண்ணு இப்பதான் தெளிஞ்சிருக்கு."

பிரிசில்லா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் எதிரே உட்கார்ந்தாள்.

"கயலு, செத்துடலாம்னு தோணுதாம்மா?"

சார் துள்ளி எழுந்தார். "அபசகுனமா பேசாத! இல்லாத நெனப்ப நீயே உண்டாக்கிடுவ போலிருக்கே!"

இருபது வருடம் சாவைக் காட்டியே பாலிசி விற்ற மனுஷனுக்கு அந்த வார்த்தை அபசகுனமாம்.

கயல்விழியின் சிரிப்பு நின்றது. "ஆமாக்கா," என்றாள். "நாளைக்குன்னு இருந்தேன்." பிறகு உடம்பு குலுங்க அழுதாள். பிரிசில்லா அவள் கையை விடவில்லை. சார் மேசையில் தயாராக வைத்திருந்த நாலாவது தாளை எடுத்து, பின்பக்கத்தில் மனநல டாக்டரின் நம்பரை எழுதிப் பவானியிடம் நீட்டினாள்.

"கூட்டிக்கிட்டு வர்றோம்னு சொல்லுங்கக்கா. அப்பிடியே அவுங்க அப்பாவுக்கும் போன் பண்ணிடுங்க."

சார் வாயடைத்து நின்றார். அவர் வாழ்க்கையில் செய்த முதல் உருப்படியான ஆலோசனை அதுதான்.

ஆட்டோவில் ஏறிய பிறகும் கயல்விழி கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

"மூணு தடவையும் கையெழுத்துதான் கேட்டாரு. இத யாருமே கேக்கலக்கா."