மச்சாள் போட்ட கணக்கு

“என்ரை மச்சாள் போட்ட கணக்கு பிழைச்சுப் போச்சு.” அத்தான் இதைச் சொன்னபோது நான் கட்லட் தட்டோடு பேஸ்மென்ட் படியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே நீள மேசையைச் சுற்றி இருந்த ஆண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். அத்தனை வருடமும் அந்த மேசையில் என்னைப் பற்றி ஒரு சொல் வந்ததில்லை. முதல்முறை வந்தது பழி போடுவதற்கு. அத்தான் தங்கமான மனிதர் என்று எங்கள் தேவாலயப் பங்கு முழுக்கச் சொல்கிறது. சொல்லட்டும். அந்த வசனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் காது சுடுகிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். நான் மொன்றியலுக்கு வந்த காலத்தில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். வேலை சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில். எந்த மருந்து எந்த மாதம் எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது என் பொறுப்பு. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் அத்தான் டிவியில் அமெரிக்க ஃபுட்போல் போட்டுவிடுவார். அக்காவுக்கு அது வெறும் தள்ளுமுள்ளு. எனக்குப் பிடித்துப்போயிற்று. கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாக விளக்கம் சொல்லித்தந்தவர் அவர்தான். அதை நான் மறக்கவில்லை. அதை மறக்காததால்தான் கோபமும் ஆறமாட்டேன் என்கிறது.

பங்கிலிருந்த ஆண்கள் சேர்ந்து ஒரு லீக் வைத்திருந்தார்கள். பருவம் தொடங்கு முன், ஓகஸ்ட் கடைசியில், அத்தானின் பேஸ்மென்டில் கூடி, நிஜ ஆட்டக்காரர்களைக் கற்பனைக் காசில் ஏலம் எடுப்பார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு காசு. நீங்கள் எடுத்தவன் களத்தில் ஓடினால், பந்தைப் பிடித்தால், புள்ளி உங்களுக்கு. கடைசியில் வெல்கிறவருக்கு ஒரு கிண்ணம், வருடம் முழுக்கப் பேசிக்கொள்ள ஒரு பெருமை.

யார் நல்ல ஆட்டக்காரன் என்று டிவி பார்க்கிற எவரும் சொல்லிவிடலாம். அவன் எத்தனை டொலர் பெறுவான் என்பதுதான் வேலை. ஒருவன் எத்தனை புள்ளி எடுப்பான் என்பது பாதிக் கணக்குத்தான். அவனை விட்டால், ஏலத்தின் முடிவில் ஒரு டொலருக்குக் கிடைக்கிறவன் எத்தனை எடுப்பான் என்பது மீதிப் பாதி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கே காசு கொடுக்கலாம். பந்தை எறிகிறவன் புள்ளியைக் குவிப்பான், ஆனால் குவிக்கிறவர்கள் பலர், அதனால் விலை இறங்கும். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் நம்பத் தகுந்தவர்கள் சிலர்தான், அவர்கள் விலை ஏறும். பயிற்சியில் ஒருவனுக்கு முழங்கால் பிசகினால், அவனுக்குப் பின்னால் காத்திருக்கிறவனின் விலையையும் திருத்த வேண்டும். கோடை முழுக்க பஸ்ஸிலும் மதியச் சாப்பாட்டு மேசையிலும் நான் இதைத்தான் செய்தேன். முடித்ததும் பேப்பரை அத்தானிடம் கொடுப்பேன். அவர் கீழே இறங்குவார், நான் தேத்தண்ணி ஊற்றுவேன். கிண்ணம் வீட்டுக்கு வரும். “அண்ணையின்ரை மண்டையே மண்டை” என்பார்கள். மண்டைக்குச் சொந்தக்காரர் புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டிருப்பார்.

எனக்கும் ஒரு அணி வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் கேட்டேன். “பாப்பம், அடுத்த வருசம் பாப்பம்.” பிறகு லீக்கில் ஒருவர் ரொறன்ரோவுக்குக் குடிபோனார், கதிரை ஒன்று காலியானது. “ஓம் ஓம், அது உனக்குத்தான்” என்றார் அத்தான். ஏலத்தன்று பார்த்தால், பந்து உருண்டையா நீளமா என்றே தெரியாத ஒருவர் அதில் உட்கார்ந்திருக்கிறார். குசினிக்குள் அத்தானை மறித்துக் கேட்டேன்.

“நீ இருந்தா அவங்கள் மனம்விட்டுக் கதைக்கமாட்டாங்கள். இந்த முறை கதிரையைச் சம்மாட்டியாருக்குக் குடுத்திட்டம். குறை நினைக்காதை. உன்ரை பேப்பரைத் தா.”

அக்கா அடுப்படியில் நின்றாள். கட்லட்டைத் திருப்பிப் போட்டாள். நான் பேப்பரைக் கொடுத்தேன்.

சம்மாட்டியார் மன்னாரில் வள்ளங்களும் வலைகளும் வைத்திருந்தவர், பங்கில் மூத்தவர். ஊரில் கோயில் திருநாள் முடிந்தால் நேர்த்திக்கு வந்த கோழி, தேங்காய் எல்லாம் முற்றத்தில் ஏலம் போகும். சம்மாட்டியார் ஒரு விலை கேட்டால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அவரை அவமதித்ததாகும். அந்த வழக்கத்தை இந்த மனிதர்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்து, அமெரிக்க ஆட்டக்காரர்களின் ஏலத்திலும் வைத்துக்கொண்டார்கள்.

எதை விட்டாலும் இவனை விடவேண்டாம், அறுபது வரை போகலாம் என்று நான் எழுதியிருந்த ஓட்டக்காரனுக்கு, சம்மாட்டியார் முப்பது என்றார். மேசை அடங்கிப்போனது. அத்தானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவனும் அப்படியே போனான், அதற்கடுத்தவனும் போனான். செலவழிக்காத காசு ஏலம் முடிந்தால் வெறும் காற்று. அது விளங்கியதும் அத்தான் ஒன்றுக்கும் உதவாதவர்களுக்கு அள்ளி இறைத்தார். “என்ன அண்ணை, இந்த முறை இப்பிடி?” என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் அந்த வசனம் வந்தது.

கணக்கு பிழைக்கவில்லை. ஒரு கிழவருக்கு மேலே ஒரு டொலர் கேட்கத் துணிவில்லாத மனிதர்தான் பிழைவிட்டார். அதை நான் அன்று சொல்லவில்லை. தட்டைப் படியில் வைத்துவிட்டு மேலே போனேன். குளிர்காலம் வருமுன் சென்ட் லோரன்டில் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். இப்போது வேலையிடத்தில் ஒரு லீக் இருக்கிறது. அங்கே என் அணிக்கு நானே வாய் திறந்து விலை கேட்கிறேன்.

முந்தாநாள் ஒரு கலியாண வீட்டில் அத்தான் என்னை யாருக்கோ அறிமுகப்படுத்தினார். “இவ என்ரை மச்சாள். நான் கிண்ணம் எடுத்த காலத்திலை எனக்குக் கொஞ்சம் உதவி செய்தவ.”

“உதவி செய்தது நீங்கள் அத்தான்,” என்றேன். “விளையாடினது நான். விலை கேட்டது மட்டும்தான் நீங்கள். அதுவும் சம்மாட்டியார் இல்லாத வருசங்களிலை.”

மேசையில் யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் அக்கா போன் எடுத்தாள்.

“அவ்வளவு சனத்துக்கு முன்னாலை அந்த மனுசனை ஏன் அப்பிடிச் சொன்னனீ? வீட்டை வந்து சாப்பிடவும் இல்லை.”

“அண்டைக்குப் பேஸ்மென்டிலை இருந்தது சனமில்லையோ அக்கா? நீ மேலை நிண்டனீ, உனக்குத் தெரியாது.”

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்குக் கேட்டது,” என்றாள். “குசினிக்கு எல்லாம் கேக்கும்.”

அத்தனை வருடமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நேற்றுவரை நான் ஒருவரோடுதான் கோபமாக இருந்தேன்.